மழையைச் சொல்லித் தப்பிக்க முடியாத ஒரு விபத்து

மலையில் விமானம் மோதிவிட்டால் முதல் நாள் செய்தியில் பழி வானிலை மேல்தான் விழும். 2010 ஜூலை 28 காலை, கராச்சியிலிருந்து வந்த பாகிஸ்தானின் ஏர்புளூ நிறுவன விமானம் 202 இஸ்லாமாபாத்தை ஒட்டிய மார்கலா மலையில் மோதி, உள்ளே இருந்த 152 பேரும் இறந்தபோதும் அப்படித்தான். எனக்கு என்னவோ மழை மேல் அவ்வளவு கோபம் வரவில்லை.

பருவமழை, தாழ்ந்த மேகம், எல்லாம் உண்மைதான். காற்றின் திசையால் ஓடுபாதையின் மறுமுனையில் இறங்க வேண்டியிருந்தது, அதற்கு ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விமான நிலையத்தை ஒட்டிச் சுற்றி வரவேண்டும், பார்வையிலிருந்து மறைந்தால் உடனே மேலே ஏறிவிட வேண்டும். சற்று முன் வந்த ஒரு விமானம் இறங்க முடியாமல் திரும்பியே போய்விட்டது. இவர்களும் போயிருக்கலாம்.

25,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த கேப்டன், விதியில் இல்லாத ஒரு பாதையைத் தானாகவே கணினியில் போட்டு, அனுமதித்த உயரத்துக்கும் கீழே இறங்கி, மலைப்பக்கமாக 7 மைலுக்கு மேல் தள்ளிப் போய்விட்டார். இடப்பக்கம் திருப்ப, திசையை மாற்றும் குமிழைத் திருகியபோதும் விமானம் திரும்பவில்லை, ஏனென்றால் அதை வெளியே இழுத்தால்தான் ஆட்டோபைலட் (விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி) அந்தச் சொல்லைக் கேட்கும், அதுவரை பழைய பாதையிலேயே போய்க்கொண்டிருக்கும். ஏன் திரும்பவில்லை என்று அவரே கேட்டிருக்கிறார்! மலை இருக்கிறது, மேலே ஏறு என்று எச்சரிக்கைக் கருவி கடைசி 70 விநாடிகளில் 21 தடவை கத்தியது.

சரி, பக்கத்தில் இருந்த துணை விமானி? விமானப்படையில் எஃப்-16 ஓட்டியவர், பயந்த ஆள் என்று சொல்லவே முடியாது. ஆனால் கராச்சியில் கிளம்பியதிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேப்டன் அவரைக் கேள்வி கேட்டு மட்டம் தட்டிக்கொண்டே வந்திருக்கிறார், அப்புறம் அவர் அதிகம் பேசவில்லை என்கிறது விசாரணை அறிக்கை. கடைசியில் இடப்பக்கம் திருப்புங்கள், மேலே ஏற்றுங்கள் என்று கெஞ்சத்தான் கெஞ்சினார். இந்த ஏர்பஸ் விமானத்தில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சைடுஸ்டிக், அதாவது விமானத்தை ஓட்டும் கைப்பிடி, உண்டு, அதிலுள்ள பட்டனை அழுத்தினால் கட்டுப்பாடு முழுக்க அவர் கைக்கு வந்திருக்கும். அவர் அழுத்தவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன், அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன்.