ஒரு பிடி மண்

திரௌபதி அம்மன் திருவிழாவில், பதினெட்டாம் போரன்று படுகளத் திடலில் பீமன் வேடக்காரர் தொடையில் அடித்து, திரௌபதி கூந்தல் முடித்த பிறகு, துரியோதனனின் மண்ணுருவம் பிடி பிடியாக வீடுகளுக்குப் போய்விடும் என்பதை வடஆர்க்காட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே உருவத்தைக் காட்பாடிப் பக்கம் ஒரு பழைய கொட்டகைக்குள் ஏரி மண்ணால் 20 அடி நீளத்துக்குக் கிடத்தி, மேலே 18 ஹாலஜன் விளக்குகளைக் கட்டி, நாளுக்கொன்றாக அணைத்துவந்து, கடைசியில் ஓட்டு இடுக்கில் விழும் வெயிலில் மட்டும் காட்டுவது அந்தக் கலைஞரின் திட்டம். விளக்குகளும் காவலும் என் பொறுப்பு.

மூன்றாம் நாளே தொடை வெடித்தது. உள்ளே ஈரம் இருக்க, மேல்மண் மட்டும் சூட்டில் காய்ந்து சுருங்கினால் வெடிக்கத்தான் செய்யும். உமி கலந்திருக்கலாம், வெறும் மண்ணே போதும் என்றவர் அவர்தான். படுகளத்து உருவம் ஒரு காலைப் பொழுது தாங்கினால் போதும், இது 18 நாள் தாங்க வேண்டும் என்ற வித்தியாசத்தை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அவர் அன்று சென்னையில் இருந்தார். தச்சர்களின் வெள்ளைப் பசையை மண்ணில் குழைத்து நானே பூசி மூடினேன். அவரிடம் சொல்லவில்லை. அழிவைப் பற்றிய ஒரு படைப்பை அழியாமல் காத்தேன் என்று இப்போது எழுதும்போது அபத்தமாகப் படுகிறது. அன்று அது எனக்கு வெறும் பராமரிப்பு வேலை.

கடைசி நாள் வயதான அம்மா ஒருவர் கயிற்றைத் தாண்டிக் குனிந்தார்.

“ஒரு பிடி எடுத்துக்கறேன் தம்பி, நெல்லுல போடறதுக்கு.”

“பர்மிஷன் இல்லம்மா.”

“படுகளத்து மண்ணுக்கு யாருப்பா பர்மிஷன் கேட்டது?” என்றவர், நான் பேசாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, “அப்ப இது பொம்மதானா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார்.

பசை கலந்த மண்ணை நெல்லில் போட விடக்கூடாது என்றுதான் தடுத்தேன் என்று பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையென்றால் அந்த அம்மாவிடம் அதையே சொல்லியிருக்கலாம். பசை படாத கால்பக்கத்திலிருந்து ஒரு பிடி அள்ளியும் கொடுத்திருக்கலாம். அந்த நொடியில் என் மனத்தில் நெல்லும் இல்லை, பசையும் இல்லை. கயிறு மட்டுமே இருந்தது. ஆனால், கயிற்றைக் கட்டச் சொன்னதும் நான் இல்லையே.

மாலையில் கலைஞர் வந்து முதலில் கேட்டது, “யாராவது மண் கேட்டாங்களா?” என்பதைத்தான். அவர் அதற்காகவே காத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. “இல்லைங்க மேடம்” என்றேன். கேட்டார்கள் என்றால் ஏன் கொடுக்கவில்லை என்பார். அங்கிருந்து பேச்சு பசைக்கு வந்துவிடும். அவர் தலையசைத்துவிட்டு, இருட்டில் கிடந்த உருவத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் டிராக்டரில் மண்ணை அள்ளிச் சென்றார்கள்.

வேறொரு ஊரில் இதையே மீண்டும் செய்யப்போவதாகவும் நான் வர வேண்டும் என்றும் போன வாரம் எழுதியிருக்கிறார். ஹாலஜனுக்குப் பதிலாக எல்இடி போட்டால் சூடு குறையும் என்று மட்டும் பதில் அனுப்பினேன்.