ஹோண்டா சிபி350-க்குச் சைலன்சர் மாற்றம்: இதுவரை நடந்தது

1971 மாடல் ஹோண்டா சிபி350. 325 சிசி, இரண்டு சிலிண்டர், ஆளுக்கொரு சைலன்சர். வெளியே குரோம் இன்னும் மின்னுகிறது, ஆனால் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரும் உண்டாகிறது. குறைந்த தூரமே ஓட்டினால் அது ஆவியாகி வெளியேறாமல் சைலன்சருக்குள்ளேயே தங்கித் துருவாக்கிவிடும்.

மாற்றாகக் கிடைப்பவற்றை வெளித்தோற்றம் பார்த்து வாங்கக் கூடாது என்பதே என் கட்சி. ஒரு முனையில் கண்ணை வைத்துப் பாருங்கள். மறுமுனை நேராகத் தெரிந்தால், உள்ளே துளையிட்ட குழாயும் அதைச் சுற்றிக் கண்ணாடி இழையும்தான். அதில் சத்தத்தை அடக்குவது நீளமும் இழையின் அளவும், அதனால் குட்டை சைலன்சரில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. வெளிச்சம் தெரியாவிட்டால் உள்ளே அறைகள் பிரித்திருப்பார்கள். அமைதியாக இருக்கும், கனமும் கூடும்.

நான் எடுத்தது நீளமான மெகாஃபோன் வடிவம், முனை திரும்பக் குறுகுவது. பந்தய வண்டிகளில் அந்த விரியும் கூம்பு அழுத்த அலையை உறிஞ்சும் அலையாகத் திருப்பி அனுப்பி சிலிண்டரைக் காலி செய்ய உதவும். சத்தத்தை அடக்க உள்ளே செருகும் பேஃபிள் என்ற குழாயைப் போட்ட பிறகு அது பெரும்பாலும் அலங்காரம்தான். எனக்குப் பிடித்தது, பேஃபிள் ஒரே போல்ட்டில் கழன்று வருவது. இழை கரிந்தால் புதிதாகச் சுற்றலாம்.

அளவு விஷயத்தில் அவசரம் வேண்டாம். பழைய கிளாம்ப் இறுக்கி இறுக்கி, எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வரும் பெண்ட் பைப்பின் முனை நீள்வட்டமாகியிருக்கும். வெர்னியர் காலிப்பரைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வெளிவிட்டம் எடுத்தேன். சைலன்சர் வாய் சற்றுப் பெரிதாக இருந்ததால் இடைவெளியை நிரப்ப ஸ்லீவ் (குட்டைக் குழாய்) போட வேண்டியிருந்தது. இந்த இணைப்பில் கசிவு இருந்தால், ஆக்ஸிலரேட்டரை விடும்போது வெளிக்காற்று உள்ளே போய் 'பட்பட்' என்று வெடிக்கும். பலரும் அதற்குக் கார்புரேட்டரைக் கழற்ற உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐட்லிங்கில் சைலன்சரின் பின்முனையைத் துணியால் லேசாக மறைத்து இணைப்பில் 'புஸ்' சத்தம் வருகிறதா என்று கேட்டாலே போதும்.

இடது பக்கம்தான் தொல்லை. செயின், சென்டர் ஸ்டாண்டின் மிதி, ஆக்சில் எல்லாம் அங்கேதான். சைலன்சரைக் கழற்றாமலேயே ஆக்சிலை உருவ முடிய வேண்டும். பின் பிராக்கெட்டில் ரப்பர் புஷ் வைத்தேன். இரும்போடு இரும்பாக இறுக்கினால் அதிர்வில் வெல்டிங் விடும்.

சத்தத்தை, நிறுத்தி வைத்துச் சோதிக்கும் முறைப்படி சைலன்சரின் பின்முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் பார்த்தேன். உச்ச சக்தி தரும் வேகத்தில் பாதியில் சோதிக்க வேண்டும்; இந்த வண்டிக்கு அது 10,500 ஆர்பிஎம், எனவே பாதி 5,250. போன் செயலி துல்லியமில்லைதான், ஆனால் பேஃபிளோடும் இல்லாமலும் ஒப்பிடப் போதும். பேஃபிள் இல்லாமல் ஓட்டும் எண்ணம் அங்கேயே போய்விட்டது.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் தொடவில்லை. இந்த வண்டியின் சிவி வகைக் கார்புரேட்டரில், எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம்தான் காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்குகிறது. காற்று வரும் வழி, போகும் வழி இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு எதனால் என்றே தெரியாது. இப்போது பாதி ஆக்ஸிலரேட்டர் வரை சுத்தமாக இழுக்கிறது. முழுதாகத் திருகி ஓட்டி, அப்படியே எஞ்சினை அணைத்துப் பிளக்கைப் பார்த்தால் பீங்கான் வெளுத்திருக்கிறது, அதாவது பெட்ரோல் போதவில்லை. அடுத்து, முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிப் பார்க்கப் போகிறேன். அதுவரை அதிவேகம் கிடையாது.