பிறந்த வருஷம் 2001

தண்டையார்பேட்டை வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அக்கா பையன் போன வாரம் ஒரு செயலியில் கணக்குத் தொடங்கினான், வயசு 12, பிறந்த வருஷத்தை விரலால் சர்ரென்று தள்ளி 2001 என்று வைத்தான், அவ்வளவுதான், உள்ளே விட்டுவிட்டார்கள். "எல்லாரும் இப்படித்தான் மாமா" என்றான். காசிமேட்டில் மீன் வாங்கினால்கூட செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது ஆகாதவர்களுக்குப் பெரிய சமூக வலைத்தளங்களில் கணக்கு கிடையாது. எனக்குப் பிடித்தது தடை இல்லை, அபராதம் யார் தலையில் என்பதுதான்: பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனத்துக்கு, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை.

நம் ஊரில் 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. 18 வயது ஆகாதவர் தகவலை நிறுவனம் எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். சரி, ஆனால் சம்மதம் தர வேண்டிய அக்காவே போனில் ஏதாவது வந்தால் அவனைத்தான் கூப்பிடுகிறாள், அவள் பெயரில் அவனே ஓகே தட்டிவிடுவான். அதனால் ராத்திரி 11 மணிக்கும் நிற்காமல் ஓடும் வீடியோவையும், முன்பின் தெரியாதவர் அனுப்பும் மெசேஜையும் சிறுவர் கணக்கில் முதலிலேயே மூடி வை என்று நிறுவனத்திடம் கறாராகச் சொல்லும் விதிதான் எனக்கு வேண்டும்.

இப்போதைக்கு, யாராவது மிரட்டினால் சிறுவர் உதவி எண் 1098-க்கு அடி என்று சொல்லியிருக்கிறேன். எண்ணைச் சேமித்துக்கொண்டான், 'மாமா தொல்லை' என்ற பெயரில்.