கடலுக்கு 61 நாள் ஓய்வு

ஏப்ரல் 14, பாம்பன்

இன்று நள்ளிரவு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. கடைசி நடை போன விசைப்படகுகளும் கரைக்கு வந்துவிட்டன. அம்மாவோடு சங்காயம், அதாவது வலையில் சேர்ந்து வரும் கழிவு மீன், பிரிக்க உட்கார்ந்தேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சங்கரா, ஓடு இறுகாத நண்டுக்குஞ்சு. எல்லாம் காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போகும். மடி என்கிற இழுவலையின் வால்பகுதியில் கண், அதாவது வலை ஓட்டை, 40 மில்லிமீட்டராவது இருக்கணும் என்பது சட்டம். அந்தக் கண்ணுக்குள் இது எப்படி நின்றது?

"இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தா ஒவ்வொண்ணும் ஒரு குழம்புக்கு ஆவும்டி" என்றாள் அம்மா. கையில் இருந்ததை அப்படியே கூடையில் போட்டாள்.

ஏப்ரல் 20

ராத்திரி இரண்டு மணிக்கு அண்ணன் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். ஈரானில் லாஞ்சில், அதாவது மீன்பிடிப் படகில், இருந்த காலத்துப் பழக்கம். வலை இழுத்து, மீன் பிரித்து, ஐஸ் போட்டு முடிப்பதற்குள் அடுத்த இழுப்பு. பாஸ்போர்ட் முதலாளியிடம். சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்து மிஞ்சுவது. கொரோனாவில் அதுவும் நின்றுபோனது. 2020 ஜூலை 1 அன்று பந்தர் அப்பாஸிலிருந்து 'ஜலாஷ்வா' கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த 687 பேரில் அவனும் ஒருவன். வாசலில் நின்றவனை அம்மாவுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

ஏப்ரல் 27

மீன்பிடித் தொழிலாளர் பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 188ஆம் உடன்படிக்கையை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். 2007இல் எழுதியது. மூன்று நாளுக்கு மேல் கடலில் நிற்கும் படகில் 24 மணி நேரத்தில் 10 மணி நேரம் ஓய்வு, வாரத்துக்கு 77. வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும்.

"பத்தா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான்.

2015இல் இந்தோனேசியாவின் பென்ஜினா என்ற தீவுக் கிராமத்தில் கூண்டில் அடைத்து வைத்திருந்த மீனவர்கள் செய்தி வெளிவந்தது. அடுத்த மாதங்களில் 2,000 பேருக்கு மேல் மீண்டார்கள். அந்தப் படகுகளின் மீன் போனது தாய்லாந்துக்கு. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் சட்டவிரோத மீன்பிடிப்புக்காகத் தாய்லாந்துக்கு மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்தது. 2019இல் ஆசியாவிலேயே முதலாவதாகத் தாய்லாந்து இந்த உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. கரையோரம் மீன் அற்றுப்போனால் படகு தூரம் போகும், நாள் கூடும், டீசல் கூடும். டீசல்காரனிடம் குறைக்க முடியாததை ஆளின் தூக்கத்தில் குறைக்கிறார்கள். மீனைக் காப்பதும் ஆளைக் காப்பதும் ஒரே வழக்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

மே 9

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131. படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறு படகில் ஏற முடியாது.

ஜூன் 13

பஹ்ரைனுக்கு ஆள் எடுக்கிறவர் வந்தார். அண்ணன் எழுத்தில் கேட்டான்: சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் வேலை, பாஸ்போர்ட் யார் கையில்.

"நம்ம ஊரு பசங்க எல்லாம் போறாங்க, தம்பி. எழுத்து எதுக்கு?"

"அதுக்குத்தான்ணே."

நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறார். தெருமுனையில் படகுக்கு ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்கிறது. அண்ணன் பழைய மடியை விரித்து, வால்பகுதியின் கண்ணில் கட்டைவிரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.