பல்பு வளர்த்த குஞ்சுகள் முற்றத்துக்கு வந்த கதை

மார்ச் 2

வத்தலக்குண்டிலிருந்து காலை பஸ்ஸில் குஞ்சுகள் வந்து சேர்ந்தன. எல்லாம் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனம், நேற்றுப் பொரித்தவை. கொடைக்கானல் மலைப்பாதையில் பெருமாள்மலை தாண்டியதும் அட்டைப்பெட்டிக்குள் சத்தம் கூடிவிட்டது; குளிர் தட்டிவிட்டது என்று அர்த்தம். மஞ்சள் கரு வயிற்றுக்குள் இருப்பதால் பொரித்த குஞ்சு இரண்டு நாள் தீனி இல்லாமல் தாங்கும். குளிரைத் தாங்காது.

வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து அலகை வெல்லத் தண்ணீரில் தொட்டுவிட்டேன். ஒன்று குடித்துத் தலையைத் தூக்கினால் போதும், மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. தட்டில் விழுந்து நனையாமல் இருக்கக் கூழாங்கல் போட்டிருக்கிறேன். தரையில் நெல் உமி, அதன் மேல் சாக்கு. வெறும் பேப்பர் விரித்தால் வழுக்கும். கால் அகண்டுபோன குஞ்சை நிமிர்த்துவது பெரும்பாடு.

மார்ச் 4

முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும். எந்த ஊருக்கும் இதே கணக்குதான். ஆனால் கீழே சமவெளியில் விசிறி போட்டுத் தூங்கும் மாதத்தில் இங்கே எங்கள் பூம்பாறையில் இரண்டு கம்பளி வேண்டியிருக்கிறது. ஊர் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராத்திரிச் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் இங்கே வேலையே. பழைய குண்டு பல்பு கிடைக்கக் கடை கடையாக ஏற வேண்டியிருந்தது. எல்.இ.டி. வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தராது.

தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளே சரியாகச் சொல்கின்றன. பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம். அங்கங்கே பரவிப் படுத்திருந்தால் நாமும் போய்ப் படுக்கலாம்.

நேற்று ராத்திரி காற்றில் கரண்ட் போனது. பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி உள்ளே வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சட்டியில் கங்கு கொண்டு வந்தார். “பெரியம்மா, மூடுன ரூமுக்குள்ள கங்கு வேணாம், புகையில்லாட்டியும் ஆள அடிச்சிரும்” என்றேன். சட்டியை வாசலில் வைத்துவிட்டு, வெந்நீர் காய்ச்சிக் கொடுக்க உட்கார்ந்துவிட்டார். விடியும்வரை பேச்சுதான்.

மார்ச் 8

வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்க முதல் சொட்டு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. கிடைத்த குப்பி 100 குஞ்சுக்கானது; கலந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். தெருவில் சொல்லிவிட்டேன். கூடையிலும் பையிலும் சேலைத் தலைப்பிலும் குஞ்சுகள் வந்தன. ஐஸ் போட்ட பிளாஸ்க்கைச் சுற்றி முற்றமே நிறைந்துவிட்டது. சொட்டு விட்டதும் குஞ்சு கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கும். அதுவரை கையை விட்டு இறக்கக்கூடாது.

மார்ச் 17

மூன்று நாளாக மஞ்சு, அதாவது மலை மூடுபனி, விலகவில்லை. உமி ஈரம் இழுத்து மூக்கில் ஏறுகிற நாற்றம் அடித்தது. முழுக்க அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி பரப்பினேன். இந்த வயதிலிருந்து இரத்தக்கழிச்சல் நோய்ப் பயம் உண்டு, அது ஈரத்தில்தான் வளரும். மலையில் குஞ்சு வளர்ப்பவர்களுக்குப் பருந்தை விடப் பெரிய எதிரி ஈரம் என்றே நினைக்கிறேன். உமி கீழேயிருந்து வர வேண்டும் என்று மிச்சம் பிடிப்பவர்களைப் பார்க்கிறேன். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மார்ச் 24

நல்ல வெயில். இறக்கையில் சிறகு வந்துவிட்டது, முதுகில் இன்னும் பாதி பஞ்சுதான். பத்து மணிக்கு மேல் புல்லில் பனி காய்ந்ததும் முற்றத்தில் பஞ்சாரத்துக்குள், கோழி கவிழ்க்கும் கூடைக்குள், விட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. சாக்கையும் உமியையும் தவிர வேறெதிலும் கால் வைத்திராத குஞ்சுகள். காற்று அடித்ததும் எல்லாம் ஒரே பக்கம் ஓடின. மேகத்தின் நிழல் விழுந்தாலும் அப்படியே. ஒரு மணல் நிறக் குஞ்சு மட்டும் புல் நுனியை ஒரு கண்ணால் பார்த்தது, தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது, அப்புறம் கொத்தியது.

பெரியம்மா வீட்டுக் கோழி தன் குஞ்சுகளோடு மேய்கிறது. ஒரு புழுவைக் கொத்தி, கீழே போட்டு, ‘கொக் கொக்’ என்று கூப்பிடும். குஞ்சு வந்து எடுக்கும். என் குஞ்சுகளுக்கு அதைச் செய்ய ஆளில்லை. கையைப் பஞ்சாரத்துக்குள் விட்டு, கரையான் புற்றுக் கட்டி ஒன்றை உடைத்துப் போட்டு, விரல் நுனியால் தரையைத் தட்டினேன். தட்டிய இடத்துக்கே வந்து கொத்தின. மணல் நிறக்காரி முதல் கரையானைக் கவ்விக்கொண்டு ஓட, மீதி அத்தனையும் துரத்தின. தின்பதற்குக் கரையான் குவிந்து கிடக்கிறது, அந்த ஒன்றுக்குத்தான் சண்டை!

ஒரு மணி நேரத்தில் உள்ளே கொண்டுபோய்விட்டேன்.

மார்ச் 31

இன்றைக்குப் பஞ்சாரம் இல்லாமல் விட்டேன். மூன்று மணிக்கு மஞ்சு ஏறியது. கோழி ஒரு குரல் கொடுக்க, அதன் குஞ்சுகள் இறக்கைக்கு அடியில் போய்விட்டன. என்னுடையவை நின்ற இடத்திலேயே ஒட்டி நின்று கத்தின. அவற்றுக்கு வீடு என்றால் பல்புதான், அது எந்தத் திசையில் இருக்கிறது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

தினமும் தீனி போடும்போது தகர டப்பாவில் குருணையைக் குலுக்குவது வழக்கம். அதே டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன். பாதி தூரம் வந்தன, நின்றன, மறுபடி வந்தன. பெரியம்மா பின்னாலிருந்து முந்தானையை வீசி ஓட்டிவிட்டார். “தாயில்லாப் புள்ளைங்க, மெதுவா வரட்டும்டா” என்றார். நனைந்த ஒன்றைத் துணியால் துடைத்து பல்புக்கு அடியில் விட்டேன். பஞ்சு நனைந்தால் சூடு நிற்காது.

ஏப்ரல் 12

டப்பா சத்தத்துக்கு இப்போது முற்றத்தின் கோடியிலிருந்து பறந்தே வருகின்றன. ஆனால் காகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன ஏது என்று பார்க்கப் போகின்றன. பெரியம்மா கோழி பருந்தைக் கண்டு நீளமாக ஒரு குரல் இழுத்தால் அதன் குஞ்சுகள் செடிக்கு அடியில் உறைந்து போகும். சில நாளாக வேலிக்கு இந்தப் பக்கம் என் குஞ்சுகளும் அந்தக் குரலுக்குத் தரையோடு அமுங்குகின்றன. இதை நான் சொல்லிக் கொடுக்க முடியாது, அந்தக் கோழிக்கு நன்றி.

உடம்பெல்லாம் சிறகு மூடிவிட்டது, பல்பை நிறுத்தியாயிற்று. அம்மைத் தடுப்பூசி இந்த வாரம். ராத்திரிக் கூட்டுக்கு மாற்றுமுன் அடியில் கல் பாவ வேண்டும், கீரி மண்ணைத் தோண்டி உள்ளே வரும். வலையின் கண்ணும் பெரிதாக இருக்கிறது. கொடைக்கானலுக்குப் போகிறவர்களிடம் சின்னக் கண் வலை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.