ஆறு மணி மாத்திரையும் ஆறரை மணி காபியும்

பெங்களூரின் அல்சூரிலோ மல்லேஸ்வரத்திலோ அறுபதைத் தாண்டியவர் இருக்கும் பல தமிழ் வீடுகளில் காலை மாத்திரைகள் ஏறக்குறைய இவைதான்: தைராய்டு குறைவுக்குத் தைராக்சின், வயிற்று அமிலத்துக்குப் பான்டோபிரசோல், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், ரத்தம் உறையாமலிருக்க 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். நான்கையும் ஒன்றாக வாயில் போட்டு, ஃபில்டர் காபியால் உள்ளே தள்ளிவிட்டு, ஏரியைச் சுற்றி நடக்கக் கிளம்பிவிடுவார்கள்.

காபியால் அதிகம் கெடுவது தைராக்சின். வெறும் வயிற்றில் போட்டாலே அதில் முக்கால் பங்குதான் ரத்தத்தில் சேரும். காபி அதையும் குறைக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் குடலிலேயே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். ஆகவே எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராக்சின், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. அதற்குப் பொறுமை இல்லாதவர்கள், சாப்பிட்டு 3 மணி நேரம் ஆனபின் இரவில் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

இந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 7 நாள். எந்த மருந்தும் ஒரே மட்டத்தில் நிலைக்க நான்கைந்து அரை ஆயுள் ஆகும். டோஸ் மாற்றினால் ஆறு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும் ரத்தப் பரிசோதனை அளவு) பார்க்கச் சொல்வது இதனால்தான். இரண்டாம் வாரமே லேபுக்கு ஓடுவது காசுக்குக் கேடு. இன்னொரு சிக்கலும் உண்டு: காபியோடு போட்டு டிஎஸ்ஹெச் ஏறியிருக்கும்; டோஸ் 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆகும்; பிறகு யாரோ சொல்லிக் காபியைத் தள்ளிவைத்தால் அந்த 75 அதிகமாகிப் படபடப்பு வரலாம். பழக்கத்தை மாற்றினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரத்தத்தில் மருந்து இல்லாவிட்டால் வேலையும் நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பான்டோபிரசோலின் அரை ஆயுள் ஒரு மணி நேரம்தான். ஆனால் அது இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்ப்பை நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறது. புது பம்ப் உருவாகும் வரை பலன் நிற்கும். ஓடுகிற பம்ப்பை மட்டுமே அதனால் பூட்ட முடியும், பம்ப்பை ஓடவைப்பது உணவு. எனவே டிஃபனுக்கு அரை மணி முன்னால். மேல்பூச்சு அமிலத்திலிருந்து காப்பதற்கானது என்பதால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. இதைப் புதிதாக ஆரம்பித்தால் தைராக்சின் சேர்வதும் குறையலாம்.

ஆஸ்பிரின் இருபது நிமிடத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். ஆனால் அதற்குள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களில் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது. முடங்கிய நொதியைத் திரும்பச் செய்துகொள்ள அவற்றால் முடியாது. அவை வாழும் 8–10 நாளும் முடக்கம்தான். பல் பிடுங்குமுன் இதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது.

அம்லோடிபினுக்குக் காபியும் பொருட்டில்லை, நேரமும் பெரிதில்லை, தினம் ஒரே வேளையாக இருந்தால் போதும். அரை ஆயுள் 30–50 மணி நேரம். நிலைக்க ஒரு வாரம் ஆகும். மறுநாளே பிபி பார்த்து “மாத்திரை கேட்கலை” என்பது அவசரம். கணுக்கால் வீங்கினால், தமனிகள் விரிந்த அளவுக்குச் சிரைகள் விரியாததால் திசுக்களில் கசிந்த நீர் அது. உடம்பில் உப்பும் நீரும் கூடியதால் வந்ததல்ல. அதனால் மெடிக்கலில் நீர் மாத்திரை வாங்கிப் போட்டாலும் பெரிதாக வற்றாது. டோஸைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.