அலெக்சாந்திரியாவின் இத்தாலியர்கள்

எகிப்தின் தபால் துறைக்கு அடித்தளம் போட்டதே ஒரு இத்தாலியர்தான். அலெக்சாந்திரியாவில் கார்லோ மெராத்தி தொடங்கிய தனியார் தபால் சேவையைத்தான் ஆட்சியாளர் இஸ்மாயில் விலைக்கு வாங்கி, 1865-இல் அரசுத் தபால் ஆக்கினார். அதே ஊரில் இருக்கும் அபுல் அப்பாஸ் அல் முர்ஸி மசூதியை வடிவமைத்த மாரியோ ரோஸியும் இத்தாலியரே.

1930-களில் எகிப்து முழுவதிலும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் இருந்தார்கள். கொத்தனார், மெக்கானிக், தையல்காரர் என்று பெரும்பாலும் கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள்.

1940-இல் முசோலினி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் குதித்தார். அடி விழுந்தது இவர்கள் மேல். ஆண்களை, எகிப்தில் படை வைத்திருந்த பிரிட்டிஷார் பிடித்து முகாமில் அடைத்தார்கள். கெய்ரோ ஒபேராவில் வயலின் வாசித்தவர் ஒருவரும் அதில் உண்டு. வருடங்கள் கழித்து வீடு திரும்பியவர் பழைய மனிதராக இல்லை. கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் பிறந்த அவர் மகள் 1954-இல் மிஸ் எகிப்து. அப்புறம் பாரிஸ் போய் பாடகி தாலிதா ஆனார்.

இன்னொரு கூத்து: 1946-இல் முடி துறந்த இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேல் தஞ்சம் புகுந்தது அலெக்சாந்திரியாவில். 1952-இல் ஆட்சி இழந்த எகிப்து மன்னர் ஃபாரூக் கப்பலேறியது இத்தாலிக்கு. சம்பந்தி வீடு மாதிரி!

1956 சூயஸ் கால்வாய் நெருக்கடிக்கும் தேசியமயமாக்கலுக்கும் பிறகு மிச்சமிருந்தவர்களிலும் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள்.